டர்பனில் சேற்றுத்தாவி மீனைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போகத் தொடங்கிய காலத்தில், ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் பல தடவை திரும்பியிருக்கிறோம். மீன் இல்லாமல் இல்லை. நாங்கள் போன நேரம் தப்பு, அல்லது போனவுடன் செய்த காரியம் தப்பு. இப்போதும் புதிதாக வருகிறவர்கள் அதே இரண்டு இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முதலில் நீர்மட்டம், பிறகு வெயில், பிறகு உட்காருவது, அதற்கப்புறம்தான் தேடுவது, கேமரா கடைசி. இந்த வரிசையை மாற்றினால் காலில் ஒட்டிய சேறுதான் மிஞ்சும்.

சேற்றுத்தாவி என்று நான் எழுதுவது இங்கே எல்லோரும் மட்ஸ்கிப்பர் என்று சொல்லும் மீனை. உளுவைக்கு உறவு. பெரும்பாலும் விரல் நீளம்தான் இருக்கும். சேற்றின் நிறம். தலைக்கு மேல் துருத்திய இரண்டு கண்கள். நீர் வடிந்த பிறகு சேற்றிலேயே தங்கி, முன் துடுப்புகளை ஊன்றி நடந்து இரை தேடும்.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்

சனிக்கிழமை ஓய்வு என்பதற்காகச் சனிக்கிழமை போகாதீர்கள். காலண்டரில் பார்க்க வேண்டியது கிழமையை அல்ல, திதியை.

டர்பன் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நீர் ஏறி இரண்டு தடவை வடிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் இடையே ஏறக்குறைய 1.8 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அரை நிலா நாட்களில் அது அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். வித்தியாசம் பெரிதாக இருக்கும் நாளில்தான் சேறு அகலமாகத் திறக்கும், மீனும் வெளியே பரவி நிற்கும்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோயிலில் கொடுக்கும் தமிழ்க் காலண்டர் வீட்டுச் சுவரில் தொங்கினால் பாதி வேலை முடிந்தது. அமாவாசை அல்லது பௌர்ணமியிலிருந்து திருதியை வரைக்கும் உள்ள நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலா நிறைந்த அன்றே நீர் உச்சத்துக்குப் போவதில்லை. ஓரிரு நாள் தாமதமாகத்தான் போகும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற காரியங்கள் எப்படியோ, சேற்றுத்தாவி பார்க்கிற காரியத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அந்த நாட்களில் நீர் வடிந்த மாதிரியே இருக்காது.

திதியை வைத்து நாளைப் பிடியுங்கள். மணியை மட்டும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகம் கணித்து வெளியிடும் ஓத அட்டவணையில், அதாவது நீர் ஏறி வடியும் நேரங்களின் பட்டியலில், டர்பன் பக்கத்தைப் பாருங்கள். கேப் டவுன் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, நீர் ஏன் இன்னும் வடியவில்லை என்று கேட்டவர்களும் உண்டு.

2. மணியைத் தேர்ந்தெடுத்தல்

நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் அடிமட்டத்துக்கு வடிவது காலை பத்து மணியை ஒட்டியும், பிறகு இரவு பத்து மணியை ஒட்டியும்தான். ஆண்டு முழுவதும் இப்படித்தான். அடுத்தடுத்த நாட்களில் இந்த நேரம் முக்கால் மணி அளவு தள்ளிக்கொண்டே போகும். ஆகவே பௌர்ணமியன்று பத்து மணி என்றால், இரண்டு மூன்று நாள் கழித்துப் பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும்.

இந்தக் கணக்கு பருவத்துக்கு ஏற்ப உதவும். ஜூன், ஜூலை காலைகளில் சேறு சில்லென்று இருக்கும். மீனின் உடம்பு வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிரில் அது சுறுசுறுப்பாக இருக்காது. குளிர்காலத்தில் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, நண்பகலில் நீர் வடியும் நாளாகப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்கு நேர்மாறு: அமாவாசையன்றே போய்விடுவது நல்லது. நண்பகல் வெயிலில் சேற்றின் மேல்பரப்பு காய்ந்து சுடும். இந்த மீன் தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் தோல் ஈரமாக இருந்தே ஆக வேண்டும். ஈரம் போகும் இடத்தில் அது நிற்காது.

தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், அன்று காலை நீர் அருமையாக வடியும். ஆனால் அன்று காலை பத்து மணிக்கு நம்மில் யார் கோயிலைத் தவிர வேறெங்கு இருக்கப்போகிறோம்?

அட்டவணையில் உள்ள நேரம் திறந்த கடலுக்கானது. ஆற்றுமுகத்துக்குள் இருக்கும் நீர் குறுகலான வாய் வழியாக வெளியேற வேண்டியிருப்பதால் அது பின்தங்கும். மழைக்குப் பிறகு ஆறு பெருகியிருந்தால் இன்னும் பின்தங்கும். அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் மறுபடி வேர்களுக்குள் நுழையும் வரை இருக்கும்படி திட்டமிடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் வேண்டும். “அரை மணியில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்” என்பவர்களை நான் அழைத்துப்போவதில்லை.

3. இடம்

டர்பனுக்குள் இரண்டு இடங்கள். ஒன்று, அம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே உள்ள பீச்வுட் அலையாத்திக் காப்பகம். இன்னொன்று, துறைமுகத்தின் உள்கோடியில் பேஹெட் பகுதியில் எஞ்சியிருக்கும் அலையாத்திக் காடு. காரில் வடக்கே போக முடிந்தவர்களுக்கு ம்டுன்சினி ஊரை ஒட்டிய உம்லலாசி காப்பகம் உண்டு. டர்பனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டம். என் மனதுக்குப் பிடித்தது அதுதான்.

எந்த இடமானாலும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, வாயில் திறந்திருக்குமா, மரப்பலகை நடைபாதை நல்ல நிலையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரு தடவை ஓரிடத்தில் பதினாறு பிள்ளைகளோடு போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றோம். கட்டிக்கொண்டு போன இட்லியை வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பினோம். நீர் மட்டும் அன்று அழகாக வடிந்திருக்கும்.

கனமழை பெய்த வாரத்தில் ஆற்றுமுகம் பக்கம் போக வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். நகரத்தின் சாக்கடை நீர் ஆற்றில் கலந்து அந்தச் சேற்றில்தான் வந்து படியும்.

தனியாகவும் போகாதீர்கள். அலையாத்திக் காடு ஒதுக்குப்புறம். நீங்களோ மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் இருக்கப்போகிறீர்கள். நான்கு பேராவது சேருங்கள். எல்லோரும் மீனையே பார்க்காமல் ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கொண்டுபோக வேண்டியவை

கயிறு கட்டும் பழைய காலணி. ரப்பர் செருப்பு கூடாது. முதல் பத்து அடியிலேயே சேறு அதை விழுங்கிவிடும். வெறுங்காலும் கூடாது, உடைந்த கண்ணாடியும் சிப்பியும் காலைக் கிழிக்கும். கொசுவுக்காக முழுக்கால் சட்டை. டர்பனில் மலேரியா இல்லை, ஆனால் அலையாத்திக் கொசு கடித்தால் பிள்ளைகள் அசையாமல் உட்கார மாட்டார்கள், அதுதான் பிரச்சினை.

உடுப்பு சேறு, இலை, சாம்பல் போன்ற மங்கலான நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். உட்கார ஒரு தடித்த பிளாஸ்டிக் பையோ மடக்குப் பாயோ வேண்டும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் உட்கார ஒன்றும் இல்லாதவர் நிற்பார், நிற்பவர் நடப்பார், நடப்பவருக்கு மீன் இல்லை.

பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு போதும். அது எவ்வளவு கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் என்பதை வீட்டிலேயே சோதியுங்கள். இரண்டு மீட்டரில் உள்ள உங்கள் கால் பெருவிரல் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தூரத்துப் பறவைக்காக வாங்கிய சில கருவிகளில் கிட்டத்து மீன் வெறும் புகையாகத் தெரியும்.

ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரைக் காரில் வையுங்கள். குடிக்க அல்ல, கடைசியில் கை கால் கழுவ.

5. நடந்து போகும் முறை

மரப்பலகைப் பாதை இருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்காதீர்கள். காரணம் உங்கள் காலணி அல்ல, சேற்றுக்குள் இருக்கும் வளைகள். மீனும் நண்டும் தோண்டிய வளைகள் அங்கே சல்லடைபோல் கிடக்கின்றன. சேற்றுத்தாவி முட்டையிடுவதும் வளைக்குள்தான். ஒரு ஆள் மிதித்துப் போன தடத்தில் எத்தனை வளை மூடும் என்பதை ஒரு தடவை கவனித்தால் மறுபடி இறங்க மனம் வராது.

வெண்கண்டல் மரங்களைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோல் மேல்நோக்கி நிற்கும் குச்சிகள், மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் வேருக்குக் காற்றை இழுக்கிறது. பிள்ளைகளுக்கு அவற்றை ஒடிக்கக் கை துறுதுறுக்கும். இந்த விஷயத்தை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொல்லாதீர்கள், காரிலேயே சொல்லிவிடுங்கள்.

சூரியன் முகத்துக்கு நேராகவோ பக்கவாட்டிலோ இருக்கும்படி அணுகுங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். மேலிருந்து விழும் நிழல் இந்த மீனுக்குக் கொக்கு அல்லது மீன்கொத்தி.

6. உட்காருதல்

இதுதான் வழிகாட்டியின் நடுப்புள்ளி. மற்றவற்றில் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம்.

நீரின் விளிம்பு, மூச்சுவேர்கள், திறந்த சேறு ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். இரண்டு மூன்று மீட்டர் தூரம் போதும். நின்றுகொண்டு பார்த்தால் உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் பளிச்சென்று தெரியும். அதன் கண்கள் தலை உச்சியில் இருப்பதால் மேலே நடப்பது எதுவும் அதற்குத் தப்பாது. உட்கார்ந்தால் நீங்கள் மரத்தோடு மரமாகிவிடுவீர்கள்.

பிறகு பத்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். விரல் நீட்டிக் காட்டாதீர்கள். பேசுவதைவிடக் கையை ஆட்டுவதுதான் அதிகம் கெடுக்கும்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் என் காதருகில் வந்து, “தாத்தா, இங்கே மீனே இல்லை” என்று சொல்லும். நான் மீனைப் பற்றிப் பேசுவதில்லை. நண்டைப் பார் என்பேன். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் முதலில் வளைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஆண் நண்டு அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்ட ஆரம்பித்தால், நீங்கள் இருப்பதை அந்த இடம் மறந்துவிட்டது என்று பொருள். மீன் அதற்குப் பிறகுதான். என் அனுபவத்தில் இந்த வரிசை அநேகமாக மாறியதில்லை.

7. தேடுதல்

மீனைத் தேடாதீர்கள், கண்ணைத் தேடுங்கள். சேற்று நிற உடம்பு சேற்றில் கரைந்துபோகும். சேற்றுக்கு மேல் துருத்தி நிற்கும் இரண்டு உருண்டைகள் கரையாது. புதியவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள். மீன் என்றால் தண்ணீருக்குள் என்ற பழக்கம் அவ்வளவு ஊறியிருக்கிறது. நீர் விளிம்பிலிருந்து மேலே, சேற்றை, பிறகு வேரின் அடிப்பகுதியை, பிறகு வேரின் மேல்பகுதியைப் பாருங்கள். வெயில் காலத்தில் நிழல் விளிம்பையும் குட்டைகளையும், குளிர்காலத்தில் வெயில் விழும் சேற்றையும் முதலில் பாருங்கள்.

கடற்கரைப் பாறைகளில் அலையோடு தாவும் சின்ன மீன்களைப் பார்த்துவிட்டு “மட்ஸ்கிப்பர் பார்த்தாயிற்று” என்று சொல்பவர்கள் உண்டு. அவை பிளென்னி வகை மீன்கள். வேறு குடும்பம், வேறு வாழ்க்கை. பாறை என்றால் அது, சேறு என்றால் இது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

8. கண்ட பிறகு எதைப் பார்ப்பது

முதல் மீனைக் கண்டதும் அடுத்ததைத் தேடி ஓடுவது இயல்பு. ஓடாதீர்கள். ஒரே மீனை இருபது நிமிடம் பாருங்கள். நான் கற்றதெல்லாம் அப்படிப் பார்த்ததில்தான்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். அவ்வப்போது ஒரு கண் குழிக்குள் இறங்கி மறுபடி மேலே வரும். கண்ணுக்குக் கீழே உள்ள ஈரமான குழியில் அதை நனைத்துக்கொள்கிறது. நாம் இமைக்கும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. சில சமயம் ஒரு கண் மட்டும் இறங்கும். பிள்ளைகள் அதைக் கண்ணடிக்கிறது என்பார்கள்.

அடுத்தது கன்னம். வெளியே நிற்கும் மீனின் கன்னம் உப்பியிருந்தால் அது வாயிலும் செவுள் அறையிலும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது. தரையில் இரையைக் கவ்வி விழுங்கவும் அந்தத் தண்ணீர்தான் நாக்குபோல் உதவுகிறது. அதனால் ஒரு பூச்சியையோ சின்ன நண்டையோ பிடித்துத் தின்ற பிறகு அது குட்டைக்குப் போய் மறுபடி வாயை நிரப்பிக்கொள்வதைப் பார்க்கலாம். வேட்டை நடந்ததைத் தவற விட்டவர்கள் குட்டைப் பக்கம் பார்வையைத் திருப்பினால் பின்பாதியாவது கிடைக்கும்.

நடையைப் பாருங்கள். இரண்டு முன் துடுப்புகளையும் ஒரே சமயத்தில் முன்னால் வீசி ஊன்றி உடம்பை இழுக்கும். ஊன்றுகோல் இரண்டை வைத்துக்கொண்டு நடப்பவரின் நடை. அவசரம் வந்தால் வாலை ஒரு பக்கம் மடக்கிச் சட்டென்று நிமிர்த்தும், அதுதான் தாவல். பயந்த மீன் தண்ணீருக்குள் மூழ்கும் என்று எதிர்பார்த்துக் கேமராவை அங்கே திருப்பாதீர்கள். பெரும்பாலும் அது நீரின் மேற்பரப்பிலேயே தட்டித் தட்டித் தாவி அடுத்த வேருக்குப் போய்விடும்.

இடையிடையே ஒரு பக்கமாகப் புரளும். நோய் வந்துவிட்டது என்று ஒரு அம்மா பதறினார். நோயல்ல, தோலை நனைத்துக்கொள்கிறது.

இரண்டு மீன்கள் நெருங்கும்போது முதுகின் முதல் துடுப்பைக் கொடிபோல் விரிக்கும். சில நொடிகள்தான். எல்லையைச் சொல்கிறது, அல்லது சண்டைக்கு அழைக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் அன்றைய பயணம் வீண் போகவில்லை.

9. படமும் பதிவும்

மேலே சொன்னதெல்லாம் நடந்த பிறகு கேமராவை எடுங்கள். மீனின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் சேறுதான் தெரியும். முதுகுத் துடுப்பு விரிந்த ஒரு படமும், வேரில் ஏறும்போது வயிற்றுப் பக்கம் தெரியும் ஒரு படமும் கிடைத்தால் இனத்தைச் சொல்ல உதவும். நம் கரையில் பெரியோப்தால்மஸ் அர்ஜென்டிலினியேட்டஸ், பெரியோப்தால்மஸ் கலோலோ என்று இரண்டு இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைப் பிரிக்க உதவுவதில் வயிற்றுத் துடுப்புகளின் அமைப்பும் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்து அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

படங்களை, கண்ட உயிரினங்களைப் பொதுமக்கள் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேர் அதில் பதிகிறார்கள், திருத்திச் சொல்லவும் ஆள் உண்டு. தேதி, நேரத்தோடு நீர்மட்டம் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத பதிவு பாதிப் பதிவு. நோட்டில் எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் ஓடிவிடும்.

10. பிடிக்க வேண்டாம்

எல்லாக் குழுவிலும் ஒருவர் ஜாம் பாட்டிலோடு வருவார். காப்பகத்திலிருந்து உயிருள்ள எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். அது போக, காய்ந்த கையால் பிடித்தால் அதன் தோலின் மேல் உள்ள கொழகொழப்பு உரிந்துபோகும். பாட்டிலில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளை எரிக்கும். முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பாட்டில் மீனுக்கு நல்லது என்று நினைப்பதும் தவறு. ஏறி நிற்க இடமில்லாவிட்டால் அது தவித்துப்போகும். பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

11. நீர் திரும்பும் நேரம்

முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடும் இந்த நேரத்தில்தான் நல்ல காட்சி. வேர்களுக்கு இடையே நீர் நூல்போல் நுழைய ஆரம்பிக்கும். மீன்கள் அதற்கு முன்னாலேயே மேலேறிக்கொண்டு வரும். சில உங்கள் காலடி வரை வரும். பிறகு மூச்சுவேரிலும் அடிமரத்திலும் தொற்றிக்கொள்ளும். வயிற்றுத் துடுப்புகள் பற்றிக்கொள்ள உதவும்.

மரத்தில் நுனி முறிந்த கூம்புபோல் ஓடு உள்ள நத்தைகளையும் பாருங்கள். நீர் வருவதற்கு முன்பே அவை அடிமரத்தில் ஏறிவிடும். சேற்றில் கிடந்தவை மேலே நகர்வதைக் கண்டால் கிளம்பத் தயாராகலாம்.

மரப்பலகைப் பாதை தாழ்வாகப் போகும் இடத்தை உள்ளே வரும்போதே பார்த்து வைத்திருங்கள். நீர் அதைத் தொடுவதற்கு முன் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். ஏறும் நீர் முதலில் மெதுவாகத் தெரியும், நடுவில் வேகம் பிடிக்கும்.

காருக்கு வந்ததும் வைத்திருந்த தண்ணீரில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்க வேண்டும். காலணியைக் கழற்றிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் உண்டு. கட்டாமல் போட்ட ஒரு ஜோடி என் காரின் பின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தபோதும் வீட்டில் முதலில் கேட்ட கேள்வி அந்த நாற்றத்தைப் பற்றித்தான்.